தெரியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில்தான் எழும்பிப் போகிறீர்கள்

வாசகர் கேள்வி:

சேர், எனக்கு 38 வயது. சொந்த ஊர் மட்டக்களப்பு நாவலடி, இப்போது இருப்பது திராய்மடு. சுனாமி வந்தபோது ஏ/எல் படித்துக்கொண்டிருந்தேன், அதோடு பள்ளிக்கூடம் நின்றது. மாமாவோடு சேர்ந்து போட் எஞ்சின் திருத்தப் பழகினேன், 12 வருடமாகச் சொந்தக் கடை. படிக்கிற ஆசை மட்டும் விடவில்லை. ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புக்குப் போய் நாலு கிழமையில் விட்டேன். கம்பியூட்டர் கோர்ஸுக்குக் காசு கட்டி, எக்செல் தொடங்கினதும் விட்டேன். சிங்களம் படிக்கப் புத்தகம் வாங்கினேன், அது அப்படியே இருக்கிறது. சோலார் கோர்ஸ் ஒன்றை மட்டும் முடித்தேன், சேர்ட்டிபிக்கட் இருக்கிறது, படித்ததில் ஒன்றும் ஞாபகமில்லை. ஏ/எல்லைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எடுக்கலாமா என்றும் ஒரு யோசனை. மகள் இந்த வருடம் ஓ/எல், நான் இங்கிலிஷ் வாசித்தால் சிரிக்கிறாள். பின்னேரம் புத்தகத்தைத் திறந்தால் எழுத்து மங்குகிறது, தலை இடிக்கிறது. போன மாதம் பாசிக்குடாவில் உல்லாசப் படகு ஓட்டுகிற ஒருவர் புது போர் ஸ்ட்ரோக் (four stroke) எஞ்சின் ஒன்று கொண்டுவந்தார், அதன் புத்தகம் முழுக்க இங்கிலிஷ், மூன்று நாள் இரவு ஒரு மணி வரை நின்றுதான் சரிசெய்தேன். இனி வருவதெல்லாம் இப்படித்தான் இருக்கும் போல. எனக்குப் படிக்கிற மண்டை இல்லையா, அல்லது நான் சோம்பேறியா? எங்கே தொடங்குவது?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். விட்டதையும் மறந்ததையும் ஒன்று விடாமல் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள், நாலு. செய்து முடித்ததை ஒரே ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள், அதையும் ஏதோ குறை சொல்கிற மாதிரி. முன்பின் பார்த்திராத எஞ்சின், விளங்காத மொழியில் புத்தகம், மூன்று நாள், இரவு ஒரு மணி, கடைசியில் ஓடியது. இதைச் செய்த நீங்களா, நான் சோம்பேறியா என்று என்னிடம் கேட்கிறீர்கள்? முப்பது வருடத்துக்கு மேல் ஆசிரியர்களுக்கு ஆலோசகராக இருந்தவன் நான், சோம்பேறிகளை நிறையவே பார்த்திருக்கிறேன், அவர்கள் இப்படிக் கடிதம் எழுத மாட்டார்கள்.

சரி, அப்படியென்றால் ஏன் எல்லாவற்றையும் பாதியில் விடுகிறீர்கள்? என் ஊகத்தைச் சொல்கிறேன், பிழையென்றால் திருத்துங்கள். ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புகளில் முதல் சில கிழமை சேர் கதைப்பார், நாங்கள் எழுதுவோம், பிறகு ஒருநாள் ஒவ்வொருவராக எழுப்பி உங்களைப் பற்றிக் கதையுங்கள் என்பார். நாலாவது கிழமை. கம்பியூட்டரில் வேர்ட் படிக்கும்வரை பக்கத்துப் பிள்ளை அடிப்பதைப் பார்த்து அடிக்கலாம், எக்செல் வந்தால் கணக்கை நீங்களே யோசித்துப் போட வேண்டும், போட்டது பிழையென்றால் திரையிலேயே காட்டிவிடும், அதுவும் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில். சிங்களப் புத்தகம் திறக்கப்படவே இல்லை, ஏனென்றால் அதை எப்படியும் ஒருநாள் வாய் திறந்து கதைத்துப் பார்க்க வேண்டும். சோலார் கோர்ஸ் மட்டும் முடிந்தது, அங்கே யாரும் உங்களை எழுப்பிக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள், இருந்து கேட்டால் சேர்ட்டிபிக்கட். விட்ட மூன்றும் வேறு வேறு பாடம், ஆனால் நீங்கள் எழும்பிப் போகிற இடம் ஒன்றுதான். உங்களுக்கு ஒன்று தெரியாது என்பதை வேறொருவர் பார்க்கப்போகிற இடம்.

இப்போது உங்கள் கடைக்கு வருவோம். ஒருவர் எஞ்சினைத் தோளில் சுமந்து வந்து இறக்கி, ஸ்டார்ட் ஆகுதில்லை என்கிறார். உங்களுக்கு என்ன பிழையென்று தெரியுமா? தெரியாது. வெட்கமாக இருக்கிறதா? இல்லை. "வையுங்கோ, பாப்பம்" என்கிறீர்கள். பிளக்கைக் கழற்றி நெருப்புப் பொறி வருகிறதா என்று பார்க்கிறீர்கள், எண்ணெய் காபரேட்டருக்குப் போகிறதா, மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா, ஓடினால் எஞ்சினைக் குளிராக்குகிற தண்ணீர் ஒழுங்காகப் பீச்சுகிறதா, ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வருகிறீர்கள். முதலில் நினைத்தது பிழைத்துப்போனால் "சே, இது இல்லை" என்று அடுத்ததுக்குப் போகிறீர்கள், கடைப் பொடியனுக்கு முன்னால்தான் இதெல்லாம் நடக்கிறது. தெரியாது என்பதுதான் அங்கே வேலையின் தொடக்கம். அது வகுப்பறைக்குள் வந்ததும் குற்றமாக மாறிவிடுகிறது. எங்கே அப்படிப் பழகினோம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிழையாக விடை சொன்னால் பிரம்பு, சொல்லாமல் இருந்தால் முட்டுக்கால், அதனால் கொப்பியைக் குனிந்து பார்த்துக்கொண்டு சேரின் கண்ணில் படாமல் இருக்கிற கலையைத்தான் பள்ளிக்கூடத்தில் முதலில் கற்றோம், நானும்தான். பிறகு நானே வாத்தியாராகி அதையே செய்தேன், அதை மறைக்கப் போவதில்லை.

எனக்கு இது விளங்கியது 51 வயதில். வேலைக்குச் சிங்களம் வேண்டியிருந்தது, வகுப்புக்குப் போனேன், பின்வரிசையில் இருந்தேன், நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் எழுதினேன், ஒரு சொல்லும் வாயிலிருந்து வரவில்லை. ஒருநாள் கூட்டமொன்றுக்காக அம்பாறைக்குப் போய் ஒரு கடையில் தேத்தண்ணி கேட்டேன். வேண்டும் என்பதற்கு "ஓனே", வேண்டாம் என்பதற்கு "எபா". நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "தே எபா" என்றேன். கடைக்காரர் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பத்து நிமிடம் காத்திருந்து திரும்பவும் கூப்பிட்டு, இன்னும் சத்தமாக "தே எபா". அவர் கொஞ்சம் பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன். பக்கத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே திருத்தினார். இரண்டு வருட வகுப்பில் எழுதின கொப்பி எங்கே என்றே தெரியவில்லை, அந்த இரண்டு சொல்லும் சாகும்வரை மறக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது என் பாவக்கணக்கு. பல வருடமாக நான் நடத்திய செயலமர்வுகளில், மாணவர்கள் மூன்று வகை, பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர், செய்து படிப்பவர், உன் வகைக்கு ஏற்றபடி படித்தால்தான் ஏறும் என்று வண்ண அட்டை வைத்துப் பாடம் எடுத்திருக்கிறேன். 2008இல் பாஷ்லரும் இன்னும் மூன்று உளவியலாளர்களும் அந்த ஆய்வுகளையெல்லாம் கிளறிப் பார்த்து, வகைக்கு ஏற்பக் கற்பித்தால் நன்றாக ஏறும் என்று காட்டப் போதிய ஆதாரமில்லை என்று எழுதிவிட்டார்கள். எனக்கு அது தெரியவந்தது அதற்கும் பல வருடம் கழித்து, அதுவரை அட்டையைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். இதை ஏன் சொல்கிறேனென்றால், உங்களிடம் யாராவது வந்து, "நீங்கள் கையால் செய்து பழகிற ஆள், புத்தகமெல்லாம் சரிவராது" என்று அன்பாகச் சொல்வார்கள். நம்ப வேண்டாம். புத்தகம் வாசிப்பதும் பிளக் கழற்றுவது மாதிரி ஒரு பழக்கம்தான், நீங்கள் 17 வயதில் அதை விட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் கல்வி என்று வாயைத் திறந்தால் விபுலாநந்த அடிகளை இழுக்காமல் முடியாது, காரைதீவில் பிறந்தவர், வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே 1920இல் லண்டன் பிஎஸ்சி எடுத்தவர் என்று மேடைக்கு மேடை சொல்வோம். உண்மையைச் சொன்னால் வீட்டுக்காரர்களுக்கு அவர் உதாரணமே இல்லை, துறவி, அவருக்கு மீன் வாங்கப் போகவும் வேண்டாம், பிள்ளைக்கு ரியூசன் காசு கட்டவும் வேண்டாம். ஆனால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். விஞ்ஞானம் படித்த மனிதர், பழைய யாழை ஆராயப் போனபோது அந்தக் கணக்கையும் கூடவே கொண்டுபோனார், 1947இல் வந்த யாழ் நூலைப் புரட்டினால் பக்கம் பக்கமாகக் கணக்கு இருக்கும். ஒரு தொழிலில் பழகின கையை இன்னொன்றுக்குக் கொண்டுபோனார். நீங்கள் எஞ்சினில் பிழை தேடுகிற முறையை இங்கிலிஷுக்குக் கொண்டுபோகலாமா என்பதுதான் இப்போது கேள்வி.

போகலாம். ஆனால் ஸ்போக்கன் இங்கிலிஷில் தொடங்க வேண்டாம். உங்களுக்கு இப்போதைக்கு யாரோடு இங்கிலிஷ் கதைக்க வேண்டியிருக்கிறது? ஒருவரும் இல்லை. உங்களுக்குத் தேவை அந்த போர் ஸ்ட்ரோக்கின் புத்தகத்தை வாசிக்க. திருத்தும் புத்தகங்களில் இருக்கிற இங்கிலிஷ் சின்ன இங்கிலிஷ், கட்டளை மாதிரித் துண்டு துண்டாக இருக்கும், ரிமூவ், இன்ஸ்பெக்ட், ரிப்ளேஸ், டைட்டன், இப்படி ஒரே வினைச்சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். பாகங்களின் பெயரில் பாதி ஏற்கனவே உங்கள் வாயில் இருக்கிறது, பிஸ்டன், கேஸ்கட், கிளியரன்ஸ் எல்லாம் தமிழென்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். வோர்னிங் என்று போட்டிருந்தால் ஆளுக்கு ஆபத்து, நோட்டிஸ் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் எஞ்சினுக்குச் சேதம், இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே புத்தகத்தை வேறு கண்ணால் பார்ப்பீர்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம். எந்தப் பக்கம்? அந்தக் கிழமை கடையில் எந்த வேலை வந்ததோ அந்தப் பக்கம். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போனால் பாதுகாப்பு அறிவுறுத்தல்களிலேயே செத்துவிடுவீர்கள்.

சோலார் கோர்ஸ் ஏன் மறந்துபோனது என்பதற்கு இங்கே வருகிறேன், ஏனென்றால் இங்கிலிஷையும் அதே மாதிரிப் படித்தால் அதுவும் போய்விடும். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களுக்கு ஒரு பந்தி. ஒரு குழு அதை நாலு தடவை இருந்து வாசித்தது. இன்னொரு குழு ஒரு தடவை வாசித்துவிட்டு, பிறகு மூன்று தடவை பந்தியைப் பார்க்காமல் ஞாபகத்திலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் வாசித்த குழுவுக்குத்தான் கூடத் தெரிந்திருந்தது. ஒரு கிழமை கழித்துக் கேட்டால் தலைகீழ், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 வீதம், திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்கு 40 வீதம். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஐந்து நிமிடம். வாசித்து முடித்த உடனே எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், அந்த நினைப்பு நம்மை ஏமாற்றும். பார்க்காமல் எழுதும்போது தெரியவில்லை என்பது முகத்தில் அடிக்கும், அதனால்தான் எவருக்கும் அது பிடிப்பதில்லை. உங்களுக்கு இன்னும் பிடிக்காது, ஏனென்றால் நீங்கள் ஓடுகிறதே அந்த உணர்விலிருந்துதான். ஆனால் பூட்டிய அறைக்குள் ஒரு கொப்பியோடு இருந்தால் உங்களை யார் பார்க்கப்போகிறார்கள்? ஒரு பக்கத்தை வாசியுங்கள், மூடுங்கள், என்ன இருந்தது என்று தமிழில் எழுதுங்கள், திறந்து பாருங்கள், விட்டதைச் சிவப்பில் குறியுங்கள். இரண்டு நாள் கழித்து அதே பக்கத்தைத் திறக்காமல் மறுபடி. பிறகு ஒரு கிழமை கழித்து. கீழே கோடு போடுவதையும் மஞ்சள் மார்க்கரையும் மறந்துவிடுங்கள், கோடு போட்டால் புத்தகம்தான் அழகாகும்.

வயதைப் பற்றிக் கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். புதிய விஷயத்தைச் சட்டென்று பிடிக்கிற வேகம் இருபதுகளிலேயே இறங்கத் தொடங்குகிறது, உங்கள் மகள் பத்துச் சொல்லைப் பாடமாக்குகிற நேரத்தில் நீங்கள் அதைவிடக் குறைவாகத்தான் பாடமாக்குவீர்கள், இதில் பொய்யான ஆறுதல் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் தெரிந்ததோடு சேர்த்து விளங்கிக்கொள்வதும் சொல்வளமும் ஐம்பது தாண்டியும் வளர்கிறவை, அந்தப் பத்துச் சொல்லும் எஞ்சின் சொல்லாக இருந்தால் மகள் உங்கள் பக்கத்திலும் நிற்க முடியாது. அப்புறம் அந்தத் தலையிடி. எழுத்து மங்குகிறது என்கிறீர்கள், நாற்பதை நெருங்குகிறீர்கள், போனைக் கொஞ்சம் தூரப் பிடித்துப் பார்க்கிறீர்களா? அப்படியென்றால் அது வெள்ளெழுத்தாக இருக்கலாம், போய்க் கண்ணைக் காட்டுங்கள். படிக்கிற மண்டை இல்லை என்று பத்து வருடம் நினைத்திருந்து கடைசியில் ஒரு கண்ணாடியோடு பாதிப் பிரச்சினை தீர்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

நேரம். பின்னேரம் படிக்கவே வேண்டாம். காலையில் போட் கரைக்கு வந்ததிலிருந்து உங்களுக்கு ஓய்விருக்காது என்று ஊகிக்கிறேன், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கடை அடங்குகிற ஒரு நேரம் இருக்கும், அதில் இருபது நிமிடம், கையைக் கழுவிவிட்டு. தினமும் விடாமல் செய்ய வேண்டும், ஒருநாள் விட்டால் எல்லாம் போச்சு என்று யூரியூப்பில் மிரட்டுவார்கள். பழக்கம் எப்படி ஊறுகிறது என்று லண்டனில் செய்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில் ஆட்களுக்குச் சராசரியாக 66 நாள் எடுத்தது, ஒருவருக்கு 18, இன்னொருவருக்கு 254 வரும் என்றுகூடக் கணக்கு வந்தது, இடையில் ஒருநாள் விட்டதால் பெரிய நட்டம் ஏதும் இல்லை என்றும் கண்டார்கள். அதைவிட நம்முடைய கடலே உங்களுக்கு ஒரு நாட்காட்டி வைத்திருக்கிறது. கார்த்திகை தொடங்கி வாடை அடிக்கிற மாரியில் எத்தனை நாள் போட் இறங்காமல் கரையில் கிடக்கிறது? அந்த மாதங்களில் ஒரு மணித்தியாலமாகக் கூட்டுங்கள். மீன் படுகிற காலத்தில் ஒரு நாளுக்கு ஐந்து சொல்லோடு நிறுத்துங்கள், அதற்காக நெஞ்சிலடித்துக்கொள்ள வேண்டாம். வயல் செய்கிறவன் வருடம் முழுக்க விதைக்கிறானா என்ன?

மகள் சிரிக்கிறாள் என்பதைத்தான் நான் கூட நேரம் யோசித்தேன். அவள் சிரிப்பதை நிறுத்தச் சொல்ல வேண்டாம், வேலை கொடுங்கள். கிழமைக்கு ஒருநாள் சிவப்பில் குறித்த சொற்களை அவள் கேட்க வேண்டும், நீங்கள் விடை சொல்ல வேண்டும், உச்சரிப்பைத் திருத்த அவளுக்கு முழு அதிகாரம். பதிலுக்கு நீங்கள் அவளுக்கு ஒன்று கற்றுக்கொடுங்கள். ஓ/எல் விஞ்ஞானத்தில் மின்காந்தத் தூண்டல் என்று ஒரு பாடம் வரும், பிள்ளைகள் கிளிப்பிள்ளை மாதிரிப் பாடமாக்குவார்கள். உங்கள் கடையில் பழைய டூ ஸ்ட்ரோக் ஒன்று கிடக்குமே, அதன் பிளைவீலைக் கழற்றிக் காட்டுங்கள், உள்ளே காந்தம், கீழே கொயில், சுற்றினால் மின்சாரம், பற்றரி இல்லாமலே பிளக்கில் பொறி எப்படி வருகிறதென்று அவளே கண்ணால் பார்க்கட்டும். அவள் கேட்கிற ஏதாவது ஒரு கேள்விக்கு உங்களுக்கு விடை தெரியாமல் போகும். நல்லது, அந்த இடத்தில் "தெரியாது, பாப்பம்" என்று கடையில் சொல்கிற அதே குரலில் சொல்லுங்கள். வகுப்பில் எழும்பி நிற்பதற்கு இதைவிட நல்ல ஒத்திகை எனக்குத் தெரியவில்லை.

ஏ/எல் இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. வேண்டுமென்றால் பிறகு எடுக்கலாம், எங்கும் ஓடிப்போகாது, உயர்தரம் இல்லாதவர்கள் அடிப்படைப் பாடநெறி வழியாக நுழைய திறந்த பல்கலைக்கழகத்திலும் பாதை இருக்கிறது, மட்டக்களப்பிலேயே அதன் நிலையம் உண்டு. ஆனால் 17 வயதில் அறுந்துபோனதை அதே இடத்தில் முடிச்சுப் போட வேண்டுமென்ற ஏக்கத்தில்தான் அதைக் கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அது எனக்கு விளங்காமலில்லை. சுனாமி வந்த வருடத்தில் நாவலடியில் இருந்த ஒருவரிடம் அதைப் பற்றி நான் புத்தி சொல்லப் போவதுமில்லை. ஒரு தாள் கையில் வேண்டுமென்று இருந்தால் முதலில் தேசிய தொழில் தகைமைக்குப் போங்கள், என்விகியூ என்பார்கள். அதில் முன்கற்றலை அங்கீகரிப்பது என்று ஒரு முறை இருக்கிறது, கோர்ஸில் போய் இருக்கத் தேவையில்லை, இத்தனை வருடம் தொழில் செய்ததற்கான ஆதாரங்களைக் கொடுத்து, நேர்முகத்துக்குப் போய், மதிப்பீட்டாளருக்கு முன்னால் செய்து காட்ட வேண்டும். நைட்டா என்கிற அரச தொழிற்பயிற்சி அதிகாரசபையின் அலுவலகத்தில் உங்கள் தொழிலுக்கு எந்தத் தரம்வரை இருக்கிறது என்று நேரில் கேளுங்கள். கடையில் செய்த வேலைகளை இன்றிலிருந்தே போனில் படமெடுத்துத் திகதியோடு வையுங்கள், பில் புத்தகங்களையும் எறிய வேண்டாம். ஒன்றை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன், அங்கேயும் ஒருவர் எதிரில் இருந்து கேள்வி கேட்பார், ஏதாவது ஒன்றுக்கு உங்களுக்குப் பதில் தெரியாது. எழும்பி வந்துவிட வேண்டாம்.

கம்பியூட்டர் வகுப்பு, சிங்களம் இரண்டும் அடுத்த மாரிக்கு. புத்தகத்தை அலுமாரியிலேயே வையுங்கள், அது உங்களைக் கோபிக்காது.

கடைசியாக ஒன்று, இது ஆலோசனை இல்லை, எனக்குத் தெரிய வேண்டும். மூன்று நாள் ஒரு மணி வரை நின்றேன் என்று எழுதினீர்கள், கடைசியில் அந்த போர் ஸ்ட்ரோக்கில் என்னதான் பிழை என்று எழுதவே இல்லையே. எப்படிப் பிடித்தீர்கள்? முதலில் எதைச் சந்தேகப்பட்டீர்கள்? அதைக் கொஞ்சம் விரிவாக எழுதி அனுப்புங்கள், எனக்கு எஞ்சினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.